குப்பை மேட்டு நச்சு வாயுவும் பணியாளர் பாதுகாப்பும்

ஊரின் குப்பையை அப்புறப்படுத்துவது ஊராட்சியின் தலையாய கடமைகளுள் ஒன்று என்பதை யாவரும் அறிவர். அக்குப்பையை அள்ளும் பணியாளர் மாலையில் நலமுடன் வீடு திரும்பச் செய்வதும் அதே கடமையின் ஒரு பகுதியாகும். இதனை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வண்டி வாங்குவதற்குத் தீர்மானம் போடுகிறோம். கொட்டகை கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறோம். குப்பை மேட்டின் மீது நின்று நாள் முழுவதும் அக்காற்றைச் சுவாசிக்கின்ற மனிதரைப் பற்றிக் கூட்டக் குறிப்பில் ஒரு வரியும் இடம்பெறுவதில்லை.

இக்குறையை நீக்கும் நோக்கத்துடன் இப்பாடம் எழுதப்படுகிறது. ஊராட்சி அங்கத்தினர்கள் இதனைக் கூட்டத்தில் உரக்கப் படித்து, தூய்மைக் காவலர்களையும் உடன் அமர்த்திக் கேட்கச் செய்வது நலம் பயக்கும்.

விளாங்குடி போன்ற ஊர்களின் நிலை

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் வடமேற்கு வாயிலாக அமைந்திருப்பது விளாங்குடி. தனிப் பேரூராட்சியாக இருந்த அவ்வூர் 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் இணைந்தது. அதனைக் கடந்தால் பரவை, சமயநல்லூர் என ஊர்கள் தொடர்கின்றன. ஒரு பக்கம் வயலும் கண்மாயும். மறு பக்கம் வீட்டு மனைகளும் கடைகளும். நகரமும் கிராமமும் கலக்கும் இத்தகைய இடங்களிலெல்லாம் குப்பையின் தன்மையே மாறிவிட்டது.

முன்னாளில் கிராமத்துக் குப்பை என்றால் சாணம், சாம்பல், வைக்கோல், இலைதழை என்பனவே. அவை எருக்குழிக்குச் சென்று, கோடை உழவுக்கு முன் வண்டியேறி வயலை அடைந்தன. இக்காலத்திலோ பிளாஸ்டிக் பை, இறைச்சிக் கழிவு, பழைய மின்கலம், பூச்சி மருந்துக் குப்பி, இடித்த வீட்டின் சுண்ணமும் கற்களும் யாவும் ஒரே குவியலில் சேருகின்றன. நகரின் குப்பை பல ஆண்டுகளாக அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல்லில் குவிக்கப்பட்டு வந்தது. அவ்வாறான தனி இடம் இல்லாத ஊர்களில் கண்மாய்க் கரையும், கைவிட்ட கிணறும், செங்கற் சூளைக்கு மண் எடுத்த பள்ளமும், கல் உடைத்த குழியும் குப்பைக் கிடங்குகளாகி விடுகின்றன. பள்ளத்தில் போட்ட குப்பை கண்ணுக்கு மறைகின்றது. ஆனால் அதன் வேலை அங்கேதான் தொடங்குகின்றது.

வாயு எவ்வாறு உண்டாகிறது?

மட்கும் பொருள் எதுவும் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். காற்றோட்டம் உள்ள குவியலில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் அதனை எருவாக்குகின்றன. குவியல் உயர்ந்து, இறுகி, காற்றுப் புகாமற் போனால் வேறு வகை நுண்ணுயிர்கள் அங்கே பெருகுகின்றன. அவை குப்பையைச் சிதைக்கும்போது மீதேன் வாயுவும் கரியமில வாயுவும் ஏறக்குறையச் சரிபாதியாக உண்டாகின்றன. சாண எரிவாயுக் கலத்தில் நாம் வேண்டுமென்றே செய்யும் வேலை இதுவே. அங்கே வாயு குழாய் வழியே அடுப்புக்குச் செல்கிறது. குப்பை மேட்டில் அதற்குக் குழாயும் இல்லை, திருகும் இல்லை. வெடிப்புகளின் வழியே அது தன் விருப்பம்போல் வெளியேறுகிறது.

காற்றுப் புகுந்த குப்பை எருவாகும். காற்றுப் புகாத குப்பை நஞ்சாகும். இப்பாடத்தின் சாரம் இவ்வொரு வாக்கியமே.

அறிய வேண்டிய நான்கு வாயுக்கள்

முதலாவது, மீதேன். இதற்கு நிறமும் மணமும் இல்லை. காற்றைவிட இலேசானது; ஆதலால் மேலெழுந்து, மூடிய கொட்டகையின் கூரையடியில் தங்கும். காற்றில் 100க்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கையில் ஒரு பீடி நெருப்பே அதனை வெடிக்கச் செய்யப் போதும்.

இரண்டாவது, கரியமில வாயு. இது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பள்ளத்திலும் கிணற்றிலும் அடியில் தேங்கி, அங்கிருந்த நல்ல காற்றை மேலே தள்ளிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராண வாயு 100க்கு ஏறத்தாழ 21 பங்கு உண்டு. அது 19.5 பங்குக்குக் குறைந்த இடத்தில் எவரையும் வேலை செய்ய விடலாகாது.

மூன்றாவது, ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டையின் நாற்றம் கொண்டது. இறைச்சிக் கழிவும் சாக்கடைச் சேறும் அழுகும்போது தோன்றும். கட்டடக் கழிவிலுள்ள ஜிப்சம், ஈரமான குப்பையுடன் புதைந்தாலும் இவ்வாயு உண்டாகும். சிறு அளவில் கண் எரிச்சலும் தலைவலியும் தரும். பேரளவில் சில மூச்சுகளிலேயே ஆளை வீழ்த்திவிடும்.

நான்காவது, கார்பன் மோனாக்சைடு. குப்பை போதிய காற்றின்றிப் புகைந்து எரியும்போது வருவது. மணம் இல்லாதது. இரத்தத்தில் பிராண வாயு இருக்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். எண்ணெய் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டி, பின் அதனை நிறுத்த இறங்கியவர் மயங்கி வீழ்ந்த செய்திகளை உழவர் பலர் கேட்டிருப்பர். அங்கே உயிர் குடித்த வாயுவும் இதுவே.

தவறான நம்பிக்கைகள் மூன்று

"நாற்றம் நின்றுவிட்டது; இனி ஆபத்தில்லை" என்பது முதல் நம்பிக்கை. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். ஆகவே நாற்றம் வீசிக்கொண்டிருந்த இடத்தில் அது திடீரென மறைந்தால், காற்று நல்லதாகிவிட்டது என்று மகிழாமல் உடனே வெளியேற வேண்டும்.

"விளக்கை இறக்கிப் பார்த்தோம்; அது அணையவில்லை" என்பது இரண்டாவது. கிணறு வெட்டுவோர் நெடுங்காலமாகக் கையாண்ட வழி இது. பிராண வாயு மிகவும் குறைந்திருந்தால் விளக்கு அணையும் என்பது மெய்யே. ஆனால் மனிதரைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடோ கார்பன் மோனாக்சைடோ இருக்கும் இடத்திலும் விளக்கு நன்றாகவே எரியும். மீதேன் உள்ள இடத்தில் அவ்விளக்கே வெடியின் திரியாகவும் ஆகலாம். எனவே குப்பைக் குழிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் விளக்குச் சோதனை கூடவே கூடாது.

"துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும்" என்பது மூன்றாவது. துண்டும் சாதாரண முகக்கவசமும் தூசியை ஓரளவு தடுக்கும். வாயு துணியின் இழைகளினூடே தடையின்றிச் செல்லும். ஈரத் துணியும் அப்படியே. இம்மூன்று நம்பிக்கைகளும் துணிவுள்ள மனிதரையே முதலில் பலி வாங்குகின்றன என்பது வருந்தத்தக்கது.

நடந்தவை நமக்குக் கற்பிப்பவை

மதுரை நகரிலேயே, பழங்காநத்தத்தை அடுத்த நேரு நகர்க் கழிவுநீர் உந்து நிலையத்தில், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மூன்று தொழிலாளர் நச்சு வாயுவால் உயிரிழந்தனர். அது குப்பை மேடன்று, கழிவுநீர்த் தொட்டி. எனினும் குப்பைக் கிடங்கின் கசிவுநீர்த் தொட்டியில் தேங்குவதும் அதே வாயுக்களே. அதே ஏப்ரல் மாத இறுதியில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் மூண்ட தீயை அணைக்கச் சில நாட்கள் பிடித்தன. 2023ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கேரளத்தின் கொச்சியில், பிரம்மபுரம் கிடங்கு பற்றிப் பத்து நாட்களுக்கும் மேலாகப் புகைந்தது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் கோவை வெள்ளலூரில் தீ மூண்டது. நம் பக்கத்து நிகழ்ச்சிகள் பலவும் கோடையில் நேர்ந்திருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அயல் நாடுகளின் அனுபவமும் இதுவே. துருக்கியின் இஸ்தான்புல் நகரில் 1993ஆம் ஆண்டு ஏப்ரலில் குப்பை மேட்டு மீதேன் வெடித்து, மேடு சரிந்து, ஏறக்குறைய 40 பேர் புதையுண்டனர். இந்தோனேசியாவின் பாண்டுங் நகருக்கு அருகில் 2005ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் நேர்ந்த சரிவில் 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில், 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே குப்பை மேடு வீடுகளின் மீது சரிந்து 30க்கும் மேற்பட்டோரை விழுங்கியது. இவை பெருநகரங்களின் கதை, நம் ஊர்க் குழிக்குப் பொருந்தாது என்று சொல்லலாம். ஆனால் ஒருவர் உயிரிழக்க மலையளவு குப்பை தேவையில்லை. ஆள் இறங்கக்கூடிய ஒரு குழி போதும்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

கீழ்க்கண்டவற்றுள் பெரும்பாலானவை பணத்தைவிட ஒழுங்கையே வேண்டுவன.

1. குப்பையை வீட்டு வாயிலிலேயே மட்குவது, மட்காதது எனப் பிரித்து வாங்குதல் வேண்டும். மட்கும் குப்பையைத் தாழ்வான வரிசைகளாக இட்டு, வாரந்தோறும் புரட்டிக் காற்றோட்டம் கொடுத்தால் வாயு வெகுவாகக் குறையும். ஆல்பர்ட் ஹோவார்ட் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது உருவாக்கிய எரு முறையின் அடிப்படையும் இத்தகைய புரட்டலே. இதனால் பணியாளருக்குப் பாதுகாப்பும் உழவருக்கு எருவும் ஒருங்கே கிடைக்கின்றன.

2. குப்பைக்குத் தீ வைத்தலை முற்றிலும் விலக்க வேண்டும். இடம் மிச்சமாகிறது என்று கருதி வைக்கப்படும் தீயே கார்பன் மோனாக்சைடையும், பிளாஸ்டிக் எரிவதால் வரும் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சையும் பணியாளரின் நெஞ்சுக்குள் செலுத்துகிறது. மேட்டின் உள்ளே புகைவது தெரிந்தால் கிளறக் கூடாது. கிளறினால் காற்றுப் புகுந்து தீ ஓங்கும். தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. கிடங்கில் ஒரு கழி நட்டு, அதன் நுனியில் துணி கட்டிவைக்க வேண்டும். துணி பறக்கும் திசையைப் பார்த்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வேலை செய்தல் வேண்டும். ஆடியில் மேல்காற்றும், ஐப்பசி கார்த்திகையில் வாடையும் வீசும் நம் பகுதியில், பணியாளர் இளைப்பாறும் கொட்டகையும் குடிநீர்ப் பானையும் அதற்கேற்ப இடம் மாற வேண்டும்.

4. காற்று அசையாத வைகறையிலும், மழைக்கு முன் இறுக்கமாக இருக்கும் வேளையிலும் வாயு தாழ்ந்து தங்கும். மழை பெய்து மேட்டின் மேற்புறம் சேறாக மூடிக்கொண்டால் வாயு பக்கவாட்டில் வழி தேடும். இவ்வேளைகளில் பள்ளத்தில் வேலை கொடுக்கலாகாது.

5. எவரையும் தனியே அனுப்பக் கூடாது. இருவர் செல்லவேண்டும், ஒருவர் மற்றவரைப் பார்க்கும்படி நிற்கவேண்டும். செல்லும் நேரமும் திரும்பும் நேரமும் ஒரு குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும்.

6. கிணறு, கசிவுநீர்த் தொட்டி, ஆழ்குழி ஆகியவற்றில் ஆள் இறங்கும் வழக்கத்தையே ஒழித்துவிட வேண்டும். நீண்ட கொக்கி, இறைப்பான், இயந்திரம் ஆகியவற்றால் ஆகாத வேலை மிகச் சிலவே. தவிர்க்க இயலாத நிலை எனில், பயிற்சி பெற்ற குழுவையும், தனிக் காற்றுக் கலமும் இடுப்புக் கச்சையும் உடைய கருவிகளையும் வரவழைக்கும் வரை வேலை நிற்க வேண்டும்.

7. பிராண வாயு, எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் அளந்து, அளவு மீறினால் ஒலி எழுப்பும் கையடக்கக் கருவி உண்டு. ஓர் ஊராட்சியால் வாங்க இயலாவிடில் பல ஊராட்சிகள் சேர்ந்து ஒன்றை வாங்கி, ஒன்றிய அலுவலகத்தில் வைத்து முறைபோட்டுப் பயன்படுத்தலாம். குறித்த காலத்தில் அதனைச் சரிபார்த்து வைப்பதும் அவசியம்.

8. மூடிவிட்ட பழைய குழியின் மேல் துளையிட்ட குழாய்களைக் கல் சூழ நிறுத்தி, தலைக்கு மேலான உயரத்தில் வாயு வெளியேற வழி செய்ய வேண்டும். தக்க பொறியாளரின் யோசனையுடன் இதனைச் செய்தல் நன்று. அவ்விடத்தில் வீடோ, மாட்டுத் தொழுவமோ, பிள்ளைகள் கூடும் கட்டடமோ எழுப்ப அனுமதி தரலாகாது.

9. சுற்றிலும் வேலி அமைத்துச் சிறுவரும் கால்நடைகளும் புகாதபடி காக்க வேண்டும். உள்ளே பீடி, சுருட்டு, அடுப்பு எதற்கும் இடமில்லை.

10. கையுறை, பூட்ஸ், சீருடை ஆகியவற்றை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதால் பயனில்லை. அளவு பொருந்தாத பூட்ஸை எவரும் அணியமாட்டார். கால் அளவு எடுத்து வாங்க வேண்டும். கிழிந்தால் மாற்ற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாளருக்குக் குறித்த காலந்தோறும் மார்பு, கண், இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் என்று பணியாளர் சொன்னால் அதனைச் சாக்கு என்று தள்ளாமல் வாயுவின் முதல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

உழவர் செய்ய வேண்டுவன

குப்பை மேட்டில் நேரும் தீங்குகள் சில உழவர் வீட்டிலிருந்தே புறப்படுகின்றன. தானியத்தில் வண்டு விழாமல் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டவுடன் பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை விடுகிறது. மிஞ்சிய மாத்திரையையோ முழுதும் தீராத குப்பியையோ குப்பையில் எறிந்தால், அதனைக் கிளறும் பணியாளர் அறியாமலே அவ்வாயுவைச் சுவாசிக்க நேரும். பூச்சி மருந்துக் குப்பிகளும் அவ்வாறே. இவற்றைத் தனியே கட்டி, வேளாண்மை அலுவலரின் யோசனைப்படி ஒப்படைக்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடரையும் கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தையும் ஒரே பையில் எறிவதும் ஆபத்தே. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு தோன்றும். ஊராட்சியின் சொந்தக் கிட்டங்கியிலும் இவ்விரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

ஒருவர் மயங்கி விழுந்தால்

இப்பகுதியை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யத் தக்கது. குழியில் ஒருவர் விழுந்ததைக் கண்டவுடன் அன்பு மிகுதியால் மற்றொருவர் குதிக்கிறார். அவரைக் காக்க மூன்றாமவர் இறங்குகிறார். தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒரே குழியில் மாண்டதற்கு இதுவே காரணம். இறங்கியவரைக் கொன்ற காற்று இறங்கப் போகிறவரையும் கொல்லும்.

ஆகவே முதலாவது, எவரும் இறங்கக் கூடாது. இரண்டாவது, 108 மருத்துவ ஊர்திக்கும் 112 அவசர எண்ணுக்கும் தொலைபேச வேண்டும்; வாயு விபத்து என்று சொல்லித் தீயணைப்புப் படையைக் கேட்க வேண்டும். மூன்றாவது, இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுக்க வேண்டும். முன்கூட்டியே கயிறும் கச்சையும் கட்டும் வழக்கம் இதற்காகவே. நான்காவது, வெளியே கொண்டுவந்தவரைக் காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, மூச்சு நின்றிருந்தால் பயிற்சி பெற்றவர் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதுவது இவ்வகை விபத்தில் ஊதுபவருக்கும் தீங்காகலாம்.

சட்டமும் செலவும்

சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் மத்திய சட்டம் தடை செய்துள்ளது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. பணியாளருக்குச் சீருடையும் காப்புக் கருவிகளும் வழங்குவதைத் திடக்கழிவு பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகள் கடமையாக்கின. தமிழ்நாட்டில் தூய்மைப் பணியாளர்களுக்கென நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. தம் பணியாளர் அதில் பதிவு பெற்றுள்ளனரா என்று ஊராட்சி கேட்டறிய வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆட்களாயினும் கேட்க வேண்டும். நச்சுக் காற்றுக்கு நிரந்தர ஆள், ஒப்பந்த ஆள் என்ற வேறுபாடு தெரியாது.

"நிதி எங்கே?" என்ற வினா கூட்டங்களில் எழுவது இயல்பு. கயிறு, கச்சை, வேலி, குறிப்பேடு, துணி கட்டிய கழி ஆகியவற்றுக்காகும் செலவு ஒரு திருவிழாப் பந்தலின் செலவை எட்டாது. வாயு அளக்கும் கருவியைப் பல ஊராட்சிகள் பங்கிட்டுக்கொள்ளலாம். இவற்றைச் செய்யாமையால் நேரும் இழப்புக்கோ எந்தத் தலைப்பிலும் ஈடு செய்ய இயலாது. இழப்பீட்டுத் தொகை குடும்பத்துக்குச் சேரவேண்டியதே. ஆனால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் தந்தையை அது திருப்பித் தராது.

துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று தமிழக அரசு 2020இல் மாற்றியது. பெயரால் அளித்த மதிப்பைச் செயலாலும் அளிப்பது ஊராட்சியின் பொறுப்பு. அடுத்த கூட்டத்திற்கு முன்பாக அங்கத்தினர்கள் தம் ஊர்க் குப்பைக் கிடங்குக்கு நேரில் சென்று, ஒரு நாழிகை நேரமாவது அங்கே நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கைவிட்ட கிணறுகளில் குப்பை கொட்டப்பட்டுள்ளதா, மேட்டில் புகை எழுகின்றதா, கொட்டகை காற்றுக்கு எதிர்த் திசையில் உள்ளதா என்று கணக்கெடுத்து வந்து, பணியாளர்களையும் அழைத்து வைத்துக்கொண்டு தீர்மானம் நிறைவேற்றுவார்களாக. ஊரைத் தூய்மையாக வைத்திருப்பவரின் மூச்சு தூய்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதே நல்ல ஊராட்சிக்கு அடையாளம்.